செம்புக் குடத்துத் தண்ணி

மொதல்ல தண்ணி குடிங்க தம்பி. மூணு மாடி ஏறி வந்திருக்கிய, மூச்சு வாங்குது பாருங்க. லிஃப்டு வைக்கேன் வைக்கேன்னு வீட்டு ஓனரு பதினஞ்சு வருசமா சொல்லுதாரு. குடிங்க. செம்புக் குடத்துத் தண்ணி, உடம்புக்கு நல்லது.

தொட்டி அந்தா, கட்டிலுக்கு எதுத்தாப்புல. ரெண்டடி நீளம். கண்ணாடியில ஒரு கீறல் கெடையாது. லைட்டு, பம்பு, தண்ணிக்கு மேல மாட்டுத சின்ன ஃபேனு, உப்பு பாக்குத கருவி, எல்லாத்தையும் அட்டைப்பெட்டியில போட்டு வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போங்க. காசெல்லாம் வேண்டாம். போன்ல வெல போட்டது எங்க வீட்டுக்காரவ, நான் இல்ல. ஆனா ஒண்ணு சொல்லிப்புடுதேன், பொறவு சொல்லலன்னு இருக்கக் கூடாது. இதுல கடல் தண்ணி ஊத்தாதிய. பவளம், எறா, நத்தைன்னு வளக்கணும்னு ஆசைப்பட்டு வந்திருந்தா இந்தத் தொட்டி ஒங்களுக்கு ஆகாது. உள்ள ஒட்டியிருக்க பசையில செம்பு ஊறிப் போச்சு. எத்தன தடவ கழுவுனாலும் போகாதாம். நல்ல தண்ணி மீனு ரெண்டு வாங்கி விடுங்க, பிள்ளையளுக்குக் காட்டுங்க. அது போதும்.

செம்பு எப்படி வந்துச்சுன்னு கேக்கியளா? சொல்லுதேன். உக்காருங்க. அந்தக் கட்டில்லயே உக்காருங்க, பரவால்ல. எந்தம்பி படுத்திருந்த கட்டில் தான்.

எந்தம்பி பேரு இன்னாசி. எனக்கும் அவனுக்கும் பன்னெண்டு வயசு வித்தியாசம். அவனுக்கு நாலு வயசுல எங்கம்மா செத்துப் போயிட்டா. இடுப்புல வச்சு வளத்தவ நான். பள்ளிக்கூடத்துக்கு நான் போகாம அவன அனுப்புனவ. எங்களுக்குத் தூத்துக்குடி, திரேஸ்புரம். நான் கல்யாணம் முடிச்சு மதுரைக்கு வந்துட்டேன், எங்க வீட்டுக்காரவளுக்கு இங்க பாத்திரக் கடை. அவன் அங்கயே சங்கு குளிக்கப் போனான். சங்கு குளிக்கதுன்னா என்னன்னு தெரியுமா? படகுல கம்ப்ரஸர் ஓடும். அதுல இருந்து வார குழாய வாயில கவ்விக்கிட்டு பத்துப் பன்னெண்டு ஆளு ஆழம் கீழ போயி, மண்ணுல கெடக்க சங்கப் பொறுக்கணும். கீழ போறது பெருசில்ல, மேல வாரது தான் மெதுவா வரணும். வேகமா வந்தா ரத்தத்துல காத்து முட்டிக்கிடும். ஒரு நாளு குழாயில காத்து நின்னு போச்சு. என்ன செய்வான், வேகமாத் தான் வருவான். படகுல ஏறி உக்காந்து சிரிச்சுக்கிட்டே பீடி கேட்டானாம். பீடியப் பத்த வைக்கதுக்குள்ள இடுப்புக்குக் கீழ செத்துப் போச்சு. முப்பத்தி மூணு வயசு தம்பி. ஒங்க வயசு இருக்குமா?

அவன் பொண்டாட்டி ஜெசிந்தா. எறா கம்பெனியில எறா உரிக்கப் போறவ. காலையில ஏழு மணிக்குப் போனா திரும்பி வர சாயங்காலம் ஆறாயிரும். பிள்ளையும் இல்ல. பகல் பூரா இவன யாரு பாக்க? யாரு திருப்பிப் போட? முதுகு புண்ணாயிராதா? நானே வேன் புடிச்சுப் போயி, நாலு பேர வச்சுத் தூக்கி, இங்க கொண்டாந்து போட்டேன். அவகிட்ட கேக்க என்ன இருக்கு? எந்தம்பி. வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. “மைனி, சாயங்காலத்துக்கு மேல நான் இருப்பேம்லா”ன்னா. சாயங்காலத்துக்கு மேல இருந்து என்ன செய்ய? வேன் கதவச் சாத்தச் சொன்னேன்.

ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி வருவா. சீலா மீனு பொரிச்சு டிபன்ல எடுத்துக்கிட்டு வருவா. இந்தா, நீங்க உக்காந்திருக்கியள்ல, அந்த ஓரத்துல தான் உக்காருவா. ரெண்டு பேரும் ஒண்ணுமே பேச மாட்டாவ. இவன் அவ வெரலப் புடிச்சு ஒவ்வொண்ணாப் பாப்பான், எறா உரிச்சு உரிச்சு வெந்து போயிக் கெடக்கும். ஒண்ணும் பேசாம இருக்கதுக்கு எதுக்கு மூணு மணி நேரம் பஸ்ஸுல வரணும்? அஞ்சு மணிக்குப் போயிருவா. அவ செருப்புச் சத்தம் கீழ போயிச் சேருத வரைக்கும் இவன் காதக் குடுத்துக்கிட்டுக் கெடப்பான். பொறவு மூஞ்சிய செவுத்துப் பக்கம் திருப்பிக்கிடுவான்.

அப்பம் ஆரம்பிக்கும். “அக்கா, நான் வீட்டுக்குப் போறேன்க்கா.” இதுவும் வீடு தாம்லேம்பேன். “இல்லக்கா, எங்க வீட்டுக்கு.” எதுக்கும்பேன். “சும்மா தான்.” சும்மான்னா என்னலேம்பேன். “கடல் பாக்கணும் போல இருக்குக்கா.” அவன் கடல்னு சொன்னா கடல்னு தான எடுத்துக்கிட முடியும்? இப்படித் தான் தம்பி, வாரா வாரம் பொலம்புவான். பொலம்பலுக்கெல்லாம் அர்த்தம் பாக்க முடியுமா? வாயத் தொறந்து ஒழுங்கா ஒரு வார்த்த கேட்டிருந்தா அனுப்பியிருக்க மாட்டேனா?

கடல் தான வேணும், அதுக்கு ஒரு வழி பாப்போம்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். அந்தச் சமயத்துல தான் பல்லு புடுங்கப் போனேன். அந்த டாக்டரு வீட்டுல, நாம காத்துக்கெடக்க எடத்துல, ஒரு தொட்டி. மீன் தொட்டின்னா நான் பாத்ததெல்லாம் தங்க மீனும் பிளாஸ்டிக் செடியும் தான். இது கடல். பவளம் தலைய ஆட்டுது, நத்தை ஊருது, கல்லு பூரா ஊதாக் கலர் படிஞ்சு கெடக்கு. எம் பேர நாலு தடவ கூப்புட்டாவளாம், எனக்குக் கேக்கவே இல்ல. பல்லப் புடுங்கிட்டு, பஞ்சக் கடிச்சுக்கிட்டே, இத வச்சுக் குடுத்த ஆளு யாருன்னு கேட்டு நம்பரு வாங்கிட்டு வந்தேன்.

கஜேந்திரன்னு ஒரு ஆளு. வந்து வீட்டச் சுத்திப் பாத்தான். “அம்மா, இது உப்புமா கிண்டுத வேல இல்ல, பொறும வேணும்”னான். ஜன்னல் வெயில் மேல படக் கூடாது, மேசை கனம் தாங்கணும், கொசு மருந்து அடிக்கக் கூடாது, சோப்புக் கையோட உள்ள விடக் கூடாதுன்னு அடுக்குனான். கொழாத் தண்ணி ஆகாது, கேன் தண்ணியில உப்புத்தூள் கரைச்சுத் தான் ஊத்தணும். அதுக்குப் பொறவு ஒரு மாசம் ஒரு உசுரும் விடாம வெறுந் தண்ணி ஓடணும். கல்லுலயும் மண்ணுலயும் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமி வளந்தாத் தான் மீன் போடுத அசிங்கத்த அது தின்னு தண்ணியச் சுத்தமாக்கும். எல்லாஞ் சொன்னான். செம்பு ஆகாதுன்னு மட்டும் சொல்லல. அவனக் குத்தம் சொல்ல முடியாது. எந்த வீட்டுல மீன் தொட்டிக்குச் செம்புக் குடத்துல தண்ணி மோந்து ஊத்துவாவ?

மொதல்ல இன்னாசி திரும்பிக்கூடப் பாக்கல. கஜேந்திரன் பாட்டுக்குக் கல்ல அடுக்கிக்கிட்டு இருந்தான், கோயில் கோபுரம் மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணு. நான் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டு நிக்கேன். கட்டில்ல இருந்து சத்தம் வருது. “அண்ணாச்சி, பாரு அப்படி இருக்காது.”

பாருன்னா கடலுக்கடியில இருக்க பாறைத் திட்டு தம்பி, எங்க ஊர்ல அப்படித் தான் சொல்லுவோம். ஊருக்குப் போறேங்கதத் தவிர, மூணு மாசத்துல அவனா பேசுன மொத பேச்சு அது தான். “பெரிய கல்லக் கீழ படுக்கப் போடுங்க. நடுவுல வழி விடுங்க. நீரோட்டம் உள்ள நொழைஞ்சு அந்தப் பக்கம் வரணும், இல்லன்னா மூலையில அழுக்குத் தேங்கும்”னான். கஜேந்திரன் என்னையப் பாத்தான். நான் அவன் சொல்லுதபடி வைய்யின்னேன். ஏழு தடவ கலைச்சு ஏழு தடவ அடுக்க வச்சான். எட்டாவது தடவ மூலை மூலையாப் பாத்தான். பொறவு, “அது தான்”னான். அவ்வளவு தான். கட்டில் காலு நாலுக்கும் செங்கல் வச்சு ஒசத்துனோம், அவன் கண்ணுக்கு நேரா தொட்டி இருக்கணும்லா. நான் பண்ணுன ஏற்பாடு.

அந்த ஒரு மாசம் இருக்கே, எங்க வீட்டுக்காரவ கேலி தாங்க முடியாது. “ஊர்ல எல்லாவனும் சாமிக்கு வெளக்குப் போடுதான், நாம வெறுந் தண்ணிக்கு வெளக்குப் போட்டுக் கும்புடுதோம்”னு சொல்லுவாவ. இன்னாசி சிரிச்சான். கஜேந்திரன் குடுத்த மருந்த நாலு சொட்டு விட்டுத் தண்ணிய சோதிச்சுப் பாக்கணும், கலர் மாறும். பச்சையா இருந்தா விசம், மஞ்சளா இருந்தா நல்லது. தினமும் காலையில, “என்ன கலருக்கா?”ம்பான். பச்சைலேம்பேன். “பொறுக்கா, வரும்”பான். அவன் எனக்கு ஆறுதல் சொல்லுதான். ஒரு நாளு காலையில மஞ்சளாச்சு பாருங்க. நான் கண்ணாடிக் குப்பிய எடுத்துக்கிட்டு வீடு பூரா ஓடுனேன். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு போச்சு.

அந்தச் சமயத்துல ஒரு நாளு சாப்புடுகையில எங்க வீட்டுக்காரவ கடைப் பேச்சு பேசுனாவ. இப்பமெல்லாம் ஜனங்க செம்புப் பாத்திரம் கேட்டு வருது, செம்புல தண்ணி வச்சா ஒரு கிருமி நிக்காதாம், டாக்டரே டிவியில சொல்லுதாராம்னு. இன்னாசி உடனே, “ஆமா அத்தான், நெசம் தான். எங்க ஊர்ல படகுக்கு அடியில செம்பு கலந்த பெயிண்டு தான் அடிப்பாவ. இல்லன்னா சிப்பியும் பாசியும் ஒட்டி மொய்ச்சிரும். அந்தப் பெயிண்டு அடிச்சுட்டா ஒரு பூச்சி அண்டாது”ன்னான். அவுகளுக்கு ஏகப்பட்ட சந்தோசம். “பாத்தியா சலேத்து, கடலுக்கே செம்பு தான் வைத்தியம்!”னு எங்கிட்ட சொன்னாவ. எனக்கும் அது மனசுல நின்னு போச்சு. செம்புன்னா சுத்தம். எங்கப்பா எனக்குச் சீரா குடுத்த குடம் ஒண்ணு செம்புல இருக்கு. இப்பம் நீங்க குடிச்ச தண்ணி அதுல இருந்து தான்.

பொறவு ஒரு ஞாயித்துக்கிழமை, உசுரெல்லாம் விடுத நாளு. கஜேந்திரன் பையில பையில கொண்டாந்தான். நத்தை நாலு. சட்டை பட்டன் மாதிரி வட்டம் வட்டமா பவளம். கடல்ல இருந்து கல்லுப் பவளம் எடுத்தா ஜெயிலுன்னு இன்னாசி சட்டம் பேசுனான், அதுக்குக் கஜேந்திரன், “இது மெதுப் பவளம் தம்பி, தொட்டியிலயே வளத்தது”ன்னு சமாதானம் சொன்னான். கடைசிப் பையில ஒரு வெரல் நீள மீனும் ஒரு சின்ன எறாவும். அந்த மீனப் பாத்ததும் இன்னாசி மூஞ்சி மாறிப் போச்சு. “அக்கா, இவங்கள எனக்குத் தெரியும்க்கா. கீழ மண்ணுல சங்கு தேடயில தெனம் பாப்பேன். எறாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. ஆனா குழி தோண்டுதது பூரா அது தான். இவன் வாசல்ல நின்னு காவல் பாப்பான். எறா வெளிய வாரப்பெல்லாம் மீச இவன் மேல பட்டுக்கிட்டே இருக்கும். ஆபத்துன்னா இவன் வால ஆட்டுவான், ரெண்டும் உள்ள போயிரும்”னான். பொறவு என்னையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, “நீ எறாக்கா. கண்ணு தெரியாம தோண்டிக்கிட்டே இருக்கே”ன்னான். எனக்காலே கண்ணு தெரியாது, கண்ணாடி போட்டா எல்லாம் தெரியுதுன்னேன். எல்லாரும் சிரிச்சோம். ஜெசிந்தாவும் சிரிச்சா.

அன்னைக்கு அவ வந்திருந்தாலும் நான் செய்ய வேண்டியத செஞ்சேன். பைய அவிழ்க்கதுக்கு முன்னால, பனிமய மாதா படத்த எடுத்து அவன் நெஞ்சு மேல வச்சேன். சத்தியம் பண்ணுலேன்னேன். என்ன சத்தியம்னான். இந்தத் தொட்டியில ஒரு உசுரு இருக்க வரைக்கும் ஊருக்குப் போறேன்னு வாயெடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு. கடல் கேட்டே, கடலையே கொண்டாந்துட்டேன். இதுக்கு மேலயும் போறேன்னா அக்காவுக்கு என்ன மரியாத? அவன் படத்தப் பாத்தான். ஜெசிந்தாவப் பாத்தான். அவ டிபன் பாத்திரத்தக் கழுவ உள்ள போயிட்டா. கழுவுனா கழுவுனா, அரை மணி நேரம் கழுவுனா. இவன், “சரிக்கா, சத்தியம்”னான். அன்னைக்கு அவ அஞ்சு மணி வரைக்கும் இருக்கல. மூணு மணி பஸ்ஸுக்கே போயிட்டா.

அந்த ரெண்டு மாசம் எப்படி இருந்தான்னு நீங்க பாத்திருக்கணும். காலையில லைட்டுப் போடயில எறா மண்ணத் தள்ளிக்கிட்டு வெளிய வரும், பொக்லைன் வண்டி மாதிரி. மீனு வாசல்ல நிக்கும். இன்னாசி அதுங்ககூட பேசுவான். பக்கத்து வீட்டுப் பொம்பளைய எல்லாம் வந்து பாப்பாவ, அவுகளுக்கு வெளக்கஞ் சொல்லுவான். ஊருங்குற பேச்சே வரல. ஞாயித்துக்கிழமை அவ போன பொறவும் வரல. மூஞ்சிய மட்டும் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிடுவான், அது பழக்கம். நான் தேவாலயத்துல மெழுகுவத்தி கொளுத்துனேன், எந்தம்பி எனக்குத் திரும்பக் கெடச்சுட்டான்னு.

அப்பம் தான் சித்திரை வெயில் வந்துச்சு. மதுரை வெயில் தான் ஒங்களுக்குத் தெரியும்லா. தொட்டித் தண்ணி சூடாகக் கூடாதுன்னு ஃபேனு மாட்டுனோம். ஃபேனு ஓட ஓட தண்ணி வத்தும், தெனம் ரெண்டு லிட்டர். வத்துதது தண்ணி மட்டும் தான், உப்பு உள்ளயே நின்னுரும். அதனால நல்ல தண்ணிய அளந்து ஊத்தணும். கேன் தண்ணிய அப்படியே ஊத்தச் சொன்னான் கஜேந்திரன். அந்தக் கேனப் பாத்தியளா, வெயில்ல கெடந்து பிளாஸ்டிக் நாத்தம் அடிக்கும். அதையா எந்தம்பி கடலுக்கு ஊத்துவேன்? குடத்தப் புளி போட்டுத் தேச்சு பளபளன்னு ஆக்கி, கேன் தண்ணிய அதுல ஊத்தி, ராத்திரி பூரா ஊற வச்சு, காலையில அதுல மோந்து ஊத்துனேன். எங்க குடும்பமே குடிக்குத தண்ணி அது.

மொத நாளு ஊத்தப் போகையில இன்னாசி கேட்டான். “அக்கா, அந்தக் குடத்துலயாக்கா?” ஆமா, ஏன்லேன்னேன். குடத்தப் பாத்தான். தொட்டியப் பாத்தான். பொறவு, “ஒண்ணுமில்லக்கா, ஊத்து”ன்னான்.

ஊத்துனேன். தெனமும் ஊத்துனேன். அவன் கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டே கெடப்பான்.

மூணு வாரம் ஒண்ணும் தெரியல. பொறவு நத்தை ஒண்ணு கண்ணாடிய விட்டுக் கழண்டு மல்லாக்க விழுந்துச்சு. மறுநாளு இன்னொண்ணு. பட்டன் பவளம் பூரா மூடிக்கிட்டு, தொறக்கவே மாட்டேங்குது. எனக்குப் பதறிப் போச்சு. தண்ணியில ஏதோ கிருமி இருக்குன்னு நெனச்சு, ரெண்டு லிட்டர் ஊத்துன எடத்துல, பழைய தண்ணியக் கொஞ்சம் எடுத்துட்டு நாலு லிட்டர் ஊத்துனேன். அதே குடத்துத் தண்ணி. எறா குழிய விட்டு வெளிய வந்து, சும்மா நின்ன எடத்துல நின்னு சுத்துச்சு. அந்த மீனு அது பக்கத்துலயே நின்னு வால ஆட்டுது. ஆட்டிக்கிட்டே இருக்கு. எறா உள்ள போகல. சாயங்காலம் செத்துப் போச்சு. இன்னாசி போர்வைய மூஞ்சியில இழுத்துப் போட்டுக்கிட்டு அழுதான் தம்பி. காலு போனப்பக்கூட அவன் அழுது நான் பாக்கல.

கஜேந்திரன் வெளியூர் போயிருந்தவன் அப்பம் தான் வந்தான். தண்ணிய சோதிச்சான். உப்பு சரி, மத்ததெல்லாம் சரி. “எதுலம்மா தண்ணி ஊத்துதிய?”ன்னான். காட்டுனேன். தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டான். எறாவுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் செம்பு நஞ்சாம். மீனு மட்டும் கொஞ்சம் தாங்குமாம். அதான் அது மட்டும் மிச்சம். தோண்டுததுக்கு ஆளு இல்லாம குழி மண்ணு மூடிக்கிட்டே வருது, அது அந்த எடத்துலயே காவல் நிக்குது. செத்ததெல்லாம் அழுகித் தண்ணி கெட்டுப் போச்சு, இதுவும் பொழைக்காதுன்னான். அப்பம் புதுசா ஒரு மீனு கொண்டான்னேன். ஒண்ணே ஒண்ணு. எதுவானாலும் சரி, உசுரோட இருக்கணும். ஒரு உசுரும் இல்லன்னா அந்தச் சத்தியம் போச்சுல்லா, புரியுதா? கஜேந்திரன் சரின்னு வாயெடுக்கதுக்குள்ள இன்னாசி சொன்னான், “வேண்டாம்க்கா. போதும். இன்னொரு உசுரக் கொல்லாத.”

பதினோரு நாளு அந்த மீனு இருந்துச்சு. பன்னெண்டாம் நாளு காலையில லைட்டப் போட்டேன், பம்பு பக்கத்துல ஒட்டிக்கெடந்துச்சு. இன்னாசி முழிச்சுத் தான் கெடந்தான். என்னையத் தான் பாத்துக்கிட்டு இருந்தான். “அக்கா, சத்தியம் முடிஞ்சு போச்சு”ன்னான். மெதுவாத் தான் சொன்னான்.

இவன் போன் போட்டிருக்கான், மத்தியானத்துக்குள்ள ஜெசிந்தா வேனோட வந்துட்டா. எறா கம்பெனியில லீவு சொல்லிட்டு, நாலு ஆளக் கூட்டிக்கிட்டு. அவன் எங்கையப் புடிச்சுக்கிட்டு, “கோவிச்சுக்கிடாதக்கா”ன்னான். நான் கைய உருவிக்கிட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டேன். குடத்தப் புளி போட்டுத் தேச்சுக்கிட்டே இருந்தேன், அவங்க எறங்கிப் போற வரைக்கும். எனக்கும் ரோசம் இருக்கும்லா? அஞ்சு மாசம் போன் பண்ணுனான், நான் எடுக்கல. நானாத் தான் எடுக்கல. ஐப்பசி மழையில ஒரு நாளு அவ பண்ணுனா. அதையும் எடுக்கல. எங்க வீட்டுக்காரவ எடுத்தாவ. முதுகுல புண்ணு வந்து, ரத்தத்துல சேந்து, மூணு நாள்ல போயிட்டான். எங்கிட்ட இருந்திருந்தா அந்தப் புண்ணு வந்திருக்குமா? ரெண்டு மணிக்கு ஒரு தடவ திருப்பிப் போடுவேன் தம்பி. ஒரு சிவப்புத் தடம் வந்ததில்ல எங்கிட்ட இருந்த வரைக்கும்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போனேன். ஜெசிந்தா சொன்னா, கம்பெனி விட்டு வந்ததும் ஐஸ் பெட்டி தள்ளுத வண்டியில அவனப் படுக்க வச்சு கரைக்குத் தள்ளிக்கிட்டுப் போவாளாம், தெனமும். வெளக்கு வைக்குத நேரம் வரைக்கும் ரெண்டு பேரும் அங்கயே இருப்பாவளாம். வாரவன் போறவன்கிட்டயெல்லாம், “எங்கக்கா எனக்காகக் கடலையே மூணாவது மாடிக்கு ஏத்துனவ”ன்னு பெருமையாச் சொல்லுவானாம். அதக் கேட்டு நான் அழுதேன். பொறவு அவ இன்னொண்ணும் சொன்னா. எறா செத்த அன்னைக்கு இவன் அவளுக்குப் போன் போட்டு, “நான் ஒரு பாவம் பண்ணிட்டேன் ஜெசிந்தா, நான் தடுத்திருக்கலாம்”னு அழுதானாம். எனக்கு ஒண்ணும் புரியல. அசையாமக் கெடக்கவன் என்ன பாவம் பண்ண முடியும்?

திரும்பி வரையில பஸ்ஸுல பொலம்பிக்கிட்டே வந்தேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா அனுப்பியிருக்க மாட்டேனா, எதுக்கு இப்படி அவசரமா விட்டுட்டுப் போனான்னு. எங்க வீட்டுக்காரவ அதிகம் பேச மாட்டாவ. ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டே சொன்னாவ, “கேட்டான் சலேத்து. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை கேட்டான். நானும் அங்கன தான் இருந்தேன்.” எனக்குக் கோவம் வந்துட்டு. அப்பம் நீங்களாவது எங்கிட்ட எடுத்துச் சொல்லலாம்லான்னேன். “சொன்னா கேப்பியா?”ன்னாவ.

படகுப் பெயிண்டு ஞாபகம் எனக்குப் பொறவு தான் வந்துச்சு தம்பி. ஒரு பூச்சி அண்டாதுன்னு சொன்னவனே அவன் தான. அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் குடத்தத் தூக்குன அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. எம் மனசு நோகக் கூடாதுன்னு தான் சொல்லாம இருந்திருக்கான். அக்கா ஆசையா ஊத்துதா, ஊத்தட்டும்னு விட்டிருக்கான். அப்படித் தான் இருக்கும். வேற என்ன இருக்கப் போவுது?

ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கிய?

சரி, பிடிங்க. நான் இந்தப் பக்கம் பிடிக்கேன். கண்ணாடி பாத்து.

இருங்க தம்பி. கொஞ்சம் கீழ வைங்க.

அன்னைக்கு “அந்தக் குடத்துலயாக்கா”ன்னு கேட்டாம்லா. நான் குடத்தக் கீழ வச்சுட்டு, அவன் மூஞ்சியப் பாத்து, என்னலேன்னு இன்னொரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பான். கண்டிப்பாச் சொல்லியிருப்பான். அவனுக்குப் பொய் வராது. எறா பொழச்சிருக்கும். பவளம் விரிஞ்சிருக்கும். அவனும் இங்கனயே கெடந்திருப்பான், மூணாவது மாடியில, ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை செருப்புச் சத்தத்துக்குக் காதக் குடுத்துக்கிட்டு. வீட்டுக்குப் போறேன்னு அவன் கேட்டான் தம்பி. எனக்குக் கேட்டுச்சு. எத்தன தடவ கேட்டிருந்தாலும் நான் அனுப்பியிருக்க மாட்டேன்.

தூக்குங்க. படியில பாத்து எறங்குங்க, ரெண்டாவது மாடித் திருப்பத்துல லைட்டு எரியாது. அவனத் தூக்கிட்டு எறங்கையிலயும் அங்கன தான் கால் தடுமாறுன சத்தம் கேட்டுச்சு.